நாய்ப்பெட்டி

வண்டித் திருடர்களைவிட வண்டிச் சொந்தக்காரர்கள்தான் நாச்சிமுத்துவிடம் அதிகம் பொய் சொல்லியிருக்கிறார்கள். திருடன் அவர் பட்டறைப் பக்கம் எப்போதாவதுதான் வருவான். சொந்தக்காரன் வருவான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான், நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது என்பான். இருபத்தாறு வருடத் தொழிலில் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாச்சிமுத்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்றியதில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஒரு சாம்பல் நிறக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பெருந்துறைப் பட்டறை வாசலில் இறக்கினார்கள். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒன்றுக்கு இரண்டாகக் கைப்பேசிகள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு. காத்தால பட்டனை அழுத்துனா ஒரே குரைப்பு," என்றார் அவர்.

காருக்குச் சாவி என்ற ஒன்று ஒழிந்து எட்டு வருடமாகிறது. இப்போதெல்லாம் காரே ஆளைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்டியரிங்கில் கை எப்படிப் படிகிறது, இருக்கையில் உடம்பு எவ்வளவு கனக்கிறது, பிரேக்கைக் கால் எப்படித் தேடுகிறது என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டி மனப்பாடம் செய்து வைத்திருக்கும். முதலாளி என்று அது ஒருவரைத்தான் ஏற்கும். அவர் அறிமுகப்படுத்திய வீட்டு ஆட்களையும் ஓட்ட விடும். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது முதலாளி வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்து எழ வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாள் தவணை கொடுத்துவிட்டு, எல்லோரையும் திருடனாக நினைத்து ஹாரனை அலறவிட்டு எஞ்சினைப் பூட்டிக்கொள்ளும். அரசாங்கக் காகிதத்தில் அந்தப் பெட்டிக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் இருக்கிறது. மெக்கானிக்குகள் நாய்ப்பெட்டி என்பார்கள்.

நாயை அடக்க லைசென்ஸ் வேண்டும். ஈரோடு மாவட்டத்தில் அது மூன்று பேரிடம் இருந்தது, நாச்சிமுத்து அதில் ஒருவர். ஐந்து வருடத்துக்கு முன்னால், சிரித்த முகமாக வந்த ஒருவனுக்கு நாயை அடக்கிக் கொடுத்து, அவன் திருடன் என்று பிறகு தெரியவந்து, ஆறு மாதம் பட்டறையைச் சாத்தி வைத்திருந்தார். சூடு கண்ட பூனை அவர். அன்றிலிருந்து சிரித்த முகத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இந்த ஆள் சிரிக்கவும் இல்லை. பெயர் சிகாமணி, விஜயமங்கலத்தில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பதாகச் சொன்னார். வண்டிப் பத்திரம் அவர் பெயரில் சரியாகவே இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாட்டப் பண்ணிக் குடுத்துருங்க. பழசு ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாதுங்க. இன்னைக்கே வேணும்."

நாச்சிமுத்துவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மற்றவர்கள் எல்லாம், பாட்டு அழிந்துவிடுமா, சீட் வைத்த அளவு போய்விடுமா, போய்வந்த வழி எல்லாம் மறந்துவிடுமா என்று கெஞ்சுவார்கள். பழசு இருக்கக் கூடாது என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"பண்ணலாமுங்க. மூணு பத்து நிமிஷம் ஆகும். வண்டில உக்காந்து ரெண்டு கையையும் ஸ்டியரிங் மேல வெச்சுக்கோங்க. ஒவ்வொரு பத்துக்கும் நடுவுலதான் கையை எடுக்கலாம். பத்து முடியறதுக்குள்ள எடுத்தீங்கன்னா மறுபடியும் மொதல்ல இருந்து."

"மூணு தடவை எதுக்குங்க?"

"மொதப் பத்துல நாய் உங்களை மோந்து பாக்கும். ரெண்டாவதுல பழைய மொதலாளியை விடலாமான்னு யோசிக்கும். மூணாவதுலதான் மறக்கும்."

சிகாமணி உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. நாச்சிமுத்து தன் கருவியின் ஒயரை டேஷ்போர்டுக்கு அடியில் செருகிவிட்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். இந்தப் பத்து நிமிடம் அவருக்கு மிகவும் பிடித்த நேரம். வந்தவர் எழவும் முடியாது, முகத்தைத் துடைக்கவும் முடியாது. போலீஸ்காரர்களுக்குக்கூட இப்படி ஒரு வசதி கிடையாது.

"ஏனுங்க, பத்திரம் உங்க பேர்ல இருக்குது. நாய் வேற ஆளையல்லவா மொதலாளிங்குது? பொம்பள ஆளு. அப்ப இருபத்தி மூணு வயசு."

"என்ற பொண்ணுங்க. தாரிணி." சிகாமணி கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "வண்டி எடுத்தன்னைக்கு, அவளுக்குக் கைராசின்னு அவளைத்தான் மொதல்ல உக்கார வெச்சோம். எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனதும் அவதான். மொதல்ல உக்கார்ற ஆளைத்தான் வண்டி மொதலாளின்னு நெனைக்கும்னு ஷோரூம்காரன் சொன்னான். நெனைச்சா நெனைக்கட்டும், நம்ம புள்ளதானன்னு சிரிச்சோமுங்க."

இதில் மட்டும் பொய் இருக்க முடியாது. நல்ல நேரம் பார்த்து, ராசியான கையாகப் பார்த்து வண்டியைத் தொடவைக்கிற ஊர் இது. மாவட்டத்தில் பாதிக் கார்கள் யாரோ ஒரு கைராசிக்கார அத்தையைத்தான் முதலாளி என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. அந்த அத்தைகளால் நாச்சிமுத்துவின் பிழைப்பு ஓடுகிறது.

"அப்பறம் என்னுங்க, பொண்ணை வரச் சொல்லுங்க. பத்து நிமிஷம் உக்காந்து எந்திரிச்சா வேலை முடிஞ்சுது. அழிக்கவே வேண்டியதில்லை."

"வர முடியாதுங்க."

"எந்தூர்ல கட்டிக் குடுத்திருக்கீங்க?"

"தூரமுங்க."

"தூரம்னா?"

சிகாமணியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனிக்கு வந்தது. கையை எடுக்காமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு என்று நினைத்துக்கொண்டார் நாச்சிமுத்து.

விஜயமங்கலத்து எண்ணெய் மில்காரர் பெண் என்றதும் அவருக்கு ஏதோ நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் இருக்கும். கூடப் படித்த பையனோடு போய்விட்டாள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பையன் வேறு ஆட்கள். ஒரு மாதம் எல்லோரும் பேசினார்கள், அப்புறம் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஓடிப்போன பெண்ணைப் பற்றிப் பேச்சு நின்றால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, சமாதானம் ஆகியிருக்கும். இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதல் பத்து முடிந்து விளக்கு அணைந்தது. சிகாமணி இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இரண்டாவது பத்து ஆரம்பித்தது. நாச்சிமுத்து கருவியை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப்போய், நாயின் குறிப்பேட்டைத் திறந்தார்.

கார் தினமும் விஜயமங்கலத்துக்கும் மில்லுக்கும் இடையில் ஓடியிருந்தது. நடுவில், சொல்லிவைத்தாற்போல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பண்ணாரி தாண்டி, திம்பம் மலை ஏறி, தாளவாடிக்கு அப்பால் ஓர் இடத்தில் போய் நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் அங்கே முதலாளி வந்து உட்கார்ந்ததாகப் பதிவு இருந்தது. கடைசித் தடவை போனது சனிக்கிழமை. அன்றுதான் நாய் முதன்முதலாகக் குரைத்து, மூன்று நாள் தவணையைத் தொடங்கியிருந்தது. காரணத்தை நாச்சிமுத்து இரண்டுமுறை படித்தார்.

கை அதே கை. ஒரு ரேகை பிசகவில்லை. ஆனால் இருக்கையில் இருந்த உடம்பு வேறு. முன்பைவிட ஏழு கிலோ அதிகம். இருக்கையை நான்கு விரற்கடை பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கிறது அந்த உடம்பு.

வடக்கே எங்கோ பிடிபட்ட ஒரு கும்பலைப் பற்றி லைசென்ஸ் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். செத்துப்போனவரின் உள்ளங்கையை அச்செடுத்து, ரப்பர் உறை செய்து, வேறு ஆள் மாட்டிக்கொண்டு நாயை ஏமாற்றினார்களாம். கை ஏமாற்றியது, கனம் காட்டிக்கொடுத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாச்சிமுத்துவின் கண்ணில், தாளவாடி மலையில் ஒரு குழியும், ரப்பர் கையோடு ஒரு கூலிப் பெண்ணும், ஊரை நம்பவைக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மலையேறும் ஒரு தகப்பனும் தெரிந்தார்கள். ஜன்னலுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டையைப் பார்க்க அவருக்குப் பயமாகவே இருந்தது.

மூன்றாவது பத்தை ஓட்டினால் இத்தனையும் அழிந்துவிடும். பிறகு எந்தக் கோர்ட்டிலும் இது கிடைக்காது. போலீசுக்கு அனுப்பலாம், அதற்குக் கருவியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வண்டி பறிமுதல், ஆள் ஸ்டேஷனில், பேப்பரில் குடும்பப் பெயர். சந்தேகம் தப்பாக இருந்துவிட்டால் அந்த மனிதர் தலைநிமிர முடியாது. நாச்சிமுத்து அவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லை.

நாயை அடக்கும் படிவத்தில் எப்படியும் ஒரு சாட்சி கேட்பார்கள். ஒரே வீட்டில் குடியிருக்காத சொந்தக்காரர் ஒருவர், ஆள் சரியான ஆள்தான் என்று சொல்ல வேண்டும். சிகாமணி தன் பங்காளி ஒருவரின் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். நாச்சிமுத்துவுக்கு இதில் ஒரு கொள்கை உண்டு. கொடுத்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாது. பொய் சொல்ல வந்தவன் பொய்சாட்சியையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவான். அவராகத் தேடி, அந்தக் குடும்பத்தில் வேறு யாரையாவது கேட்பார். அந்தக் கொள்கை ஐந்து வருடத்தில் நான்கு திருடர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இங்கே தேடவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சு அடிபட்ட நாளிலேயே அவர் கேள்விப்பட்டிருந்தார், சிகாமணியின் மனைவிக்கு அண்ணன் கோபிச்செட்டிபாளையத்துச் சென்னியப்பன். போர்வெல் லாரிகள் வைத்திருப்பவர், கோவில் கமிட்டியில் இருப்பவர். அவருடைய லாரிகளுக்கு ஒயரிங் வேலை எல்லாம் நாச்சிமுத்துதான். ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தாய்மாமனுக்குத் தெரியாமலா போகும்? கம்ப்ரசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போன் போட்டார்.

"உங்க மச்சான் சிகாமணி வந்திருக்காருங்க. வண்டி குரைக்குதுன்னு. ஒரு சின்னச் சந்தேகம், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க மருமவப் புள்ள தாரிணி நல்லா இருக்குதுங்களா?"

எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

நாச்சிமுத்து சொன்னார். தாளவாடிக்கு வண்டி போய்வருவதை, கை சரியாக இருந்தும் உடம்பு ஏழு கிலோ கூடியிருப்பதை, இருக்கை பின்னால் தள்ளியிருப்பதை, ஒன்று விடாமல் சொன்னார்.

"ஏழு கிலோவுங்களா," என்றார் சென்னியப்பன். பிறகு சிரித்தார். "அட, என்னுங்க நீங்க! புள்ள நல்லா இருக்குதுங்க. அங்கதான் குடியிருக்குது. நாங்க எல்லாம் ராசியாயிட்டோம். நானே போயி பாத்து ரொம்ப நாளாச்சு. எந்த எடத்துல வண்டி நிக்குதுன்னு சொல்லுங்க, அதே வீடுதானான்னு பாக்கறேன்."

"தாளவாடில இருந்து தெற்கால நாலு கிலோமீட்டருங்க. பழைய ரேஷன் கடைக்கு எதிர்த்தாப்ல ஒத்தை ஓட்டு வீடு."

"அதேதான். சாட்சிக்கு என்ற பேரையே போட்டுக்கோங்க. நான் கேட்டேன்னு மச்சான்கிட்டச் சொல்ல வேண்டாம். ஒருநா திடீர்னு போயி நிக்கலாமுன்னு இருக்கேன்."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. பாவம், பெற்ற தகப்பனைப் போய்க் கொலைகாரனாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டாவது பத்து முடிந்து, சிகாமணி மூன்றாவதற்குக் கை வைத்திருந்தார். நாச்சிமுத்து பெட்டியைத் தட்டிவிட்டார். விளக்கு மறுபடி எரிந்தது.

சந்தேகப்பட்டவரிடம் சந்தேகம் தீர்ந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. சென்னியப்பன் சொல்ல வேண்டாம் என்றதெல்லாம் அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போனது.

"கோவிச்சுக்காதீங்க. உங்களைக் கொஞ்சம் தப்பா நெனைச்சுட்டேன். இப்பத்தான் உங்க மச்சினன்கிட்டப் பேசுனேன். தாரிணி தாளவாடில நல்லா இருக்குதுன்னு அவரே சொல்லிட்டாரு."

சிகாமணியின் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து நழுவின. ஹாரன் ஒருமுறை வீறிட்டு அடங்கியது.

"தாளவாடின்னு அவன் சொன்னானா, நீங்க சொன்னீங்களா?"

நாச்சிமுத்து யோசித்தார். போனில் பேசியதை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"நாந்தான் சொன்னேனுங்க."

"வீடு?"

"அதுவும்."

சிகாமணி கத்தவில்லை. சட்டைப்பையிலிருந்த இரண்டு போன்களில் சின்னதை எடுத்தார். எண்ணை இரண்டுமுறை தப்பாக அழுத்தினார். நாச்சிமுத்து பக்கத்திலேயே நின்றார்.

"கண்ணு, அப்பா பேசறேன். மாமனுக்குத் தெரிஞ்சு போச்சு. கோபில இருந்து வரோணும், ரெண்டரை மணி நேரம் இருக்குது. ஆனா அங்க பக்கத்துல ஆளு வெச்சிருந்தான்னா அதுகூட இல்லை. உடனே கெளம்புங்க ரெண்டு பேரும். துணி எடுக்காத. அடுப்பை அணைக்கக்கூட நிக்காத. ஆமா சாமி, இதே நிமிஷம்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "வயிறு பத்திரம். பஸ்ஸுல முன்னால உக்காரு. எங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லாத. இல்ல, எங்கிட்டயும் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா எப்படியாச்சும் வெளிய வந்துருது கண்ணு. இந்த நம்பரையும் தூக்கிப் போட்டுரு."

போனை அணைத்துவிட்டு, அதன் பின்மூடியைக் கழற்றி, சிம்மை எடுத்து இரண்டாக ஒடித்தார். வயிறு என்ற சொல்லைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்கு ஏழு கிலோவும் புரிந்தது, பின்னால் தள்ளிய இருக்கையும் புரிந்தது. இருபத்தாறு வருடம் ஒயரை மோந்து பார்த்தவருக்கு, நான்கு பிள்ளைகளைப் பெற்ற வீட்டில் இருந்தும் இது தோன்றவில்லை. சென்னியப்பனுக்கு ஒரு நொடியில் தோன்றியிருக்கிறது.

"அவன் பையனுக்குத்தான் கட்டறதா இருந்துச்சுங்க," என்றார் சிகாமணி. "மண்டபம்கூடப் பேசியாச்சு. இவ போயிட்டா. நானும் அன்னைக்குக் கோவத்துல என்னென்னமோ பேசுனவன்தானுங்க. அப்பறம் பெத்த மனசு கேக்கலை. மச்சினன் மனசு இன்னும் ஆறலை. தாளவாடி மூணாவது வீடுங்க. முந்தின ரெண்டுல ஒண்ணை எரிச்சுப்போட்டாங்க."

"வண்டியை அழிக்கச் சொன்னது..."

"நாளானைக்குத் திருப்பதி போறதுக்கு என்ற வண்டியைக் கேட்டிருக்கான். மச்சினன் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுங்களா? குடுத்தாப் போய்வந்த வழியெல்லாம் இந்தப் பெட்டில பாத்துருவான். என்ற சம்சாரத்துக்குக்கூடத் தெரியாதுங்க, தெரிஞ்சா அண்ணன்கிட்டச் சொல்லிருவா. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ரொம்பக் கறாரான ஆளு, ஒரு வார்த்தை வெளிய போகாதுன்னு சொன்னாங்க."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். போலீசுக்குச் சொல்லலாமா, நான் காரை எடுக்கட்டுமா, இரண்டு பேரும் தாளவாடி போகலாமா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டார்.

"வேண்டாமுங்க. போன தடவையும் நல்லவர் ஒருத்தர்தான் சொல்லிட்டாரு. புள்ள தனியா இருக்குதே, தாய்மாமன் போயி பாக்கட்டும்னு." சிகாமணி மறுபடி ஸ்டியரிங்கில் கை வைத்தார். "மொதல்ல இருந்து போடுங்க. நான் இங்கயே இருக்கறேன். வீட்டுக்குப் போனா என்ற மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சுருவாங்க."

மூன்று பத்து நிமிடங்களும் முதலிலிருந்து ஓடின. கடைசியில் விளக்கு பச்சையாகி, புதிய உரிமையாளர் பதிவாகிவிட்டார் என்று பெட்டி ஒரு பெண் குரலில் அறிவித்தது. தாரிணி அதற்குள்ளிருந்து போய்விட்டாள். சிகாமணி இறங்கவில்லை. நாச்சிமுத்து வாங்கிவந்த டீ ஆறி ஏடு கட்டியது.

ஒன்றே முக்கால் மணிக்கு நாச்சிமுத்துவின் போன் அடித்தது. சென்னியப்பன். நாச்சிமுத்து ஜன்னல் ஓரமாகவே நின்று எடுத்தார்.

"தாளவாடில நிக்கறேன். வீட்ல ஆளைக் காணோம். கதவு தெறந்து கெடக்குது, அடுப்பு எரியுது, பருப்பு கரிஞ்சு கெடக்குது, கொடியில துணி காயுது. மச்சான் போன்ல பேசுனாரா?"

"இல்லீங்களே."

"நீங்க எதாச்சும் சொன்னீங்களா?"

"நீங்கதான் சொல்ல வேண்டாமுன்னீங்களே. நான் எதுக்குங்க சொல்றேன்?"

"அப்ப அவளுக்கு ஆரு சொன்னது?" சென்னியப்பனின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நாச்சிமுத்து, நான் உங்களை நம்பலாமா?"

"ஏனுங்க இப்படிக் கேக்கறீங்க," என்றார் நாச்சிமுத்து. "இத்தனை வருசமாப் பாக்கறீங்க."

வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக அவர் பொய் சொன்னதில்லை. எதிர்முனை அத்தோடு துண்டித்துக்கொண்டது. நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இனிமேல் சந்தேகம் தன்மேல்தான் என்பதும் தெரிந்தது. போனை வைத்துவிட்டு, சிகாமணியிடம் கேட்டதைக் கேட்டபடியே சொன்னார்.

"துணி கொடிலயே கெடக்குதுன்னானா?" என்றார் சிகாமணி.

"ஆமாங்க."

"அடுப்பும் எரியுதுன்னான்?"

"பருப்பு கரிஞ்சு கெடக்குதாம்."

சிகாமணி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. புதிய முதலாளியின் பாரத்தைப் பெட்டி மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"சின்ன வயசுல இருந்து ஒரு வார்த்தை எம் பேச்சைக் கேட்டவ இல்லீங்க," என்றார் அவர், தலை தூக்காமல். "இன்னைக்குத்தான் கேட்டிருக்கா."